கோவையில் ஒரு பர்கர் கடை: சைவம் கேட்ட அம்மாவுக்குச் சிக்கன் வந்தது

போன டிசம்பர் பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கோவைக்குப் போய் வந்தேன். திரும்பி வந்ததிலிருந்து இங்கே சிங்கப்பூரில் தெரிந்தவர்கள் எல்லாம் ஊர் எப்படி இருக்கிறது, எங்கே சாப்பிட்டீர்கள், பிள்ளைகளை எங்கே கூட்டிப் போகலாம் என்று கேட்டபடி இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே தடவையில் எழுதிவிடுகிறேன். பெரும்பாலும் நல்ல செய்திதான். ஒரே ஒரு இடம் மட்டும் மனதை ரொம்பவே நோகடித்துவிட்டது. ரேஸ்கோர்ஸ் பக்கம் புதிதாக வந்திருக்கும் ஒரு பர்கர் கடை அது, இப்போது ஊரில் இளசுகள் எல்லாம் போட்டோ எடுத்துப் போடும் கடை. பெயர் போடவில்லை. இந்த மாதிரிக் கடைகள் ஊர் முழுக்க வந்துகொண்டிருக்கின்றன, எந்தக் கடைக்குப் போனாலும் நீங்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவிநாசி ரோட்டில் 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் 2025 அக்டோபரில் திறந்துவிட்டார்கள், ஜி.டி. நாயுடு பெயர் வைத்திருக்கிறார்கள். ஹோப் காலேஜ், பீளமேடு, லட்சுமி மில்ஸ் என்று ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போன பாதை, இப்போது பேச்சு முடிவதற்குள் உப்பிலிபாளையம் வந்துவிடுகிறது. பேங்க்கில் என்ஆர்ஓ கணக்கின் (வெளிநாட்டில் இருக்கிறவர்கள் ஊரில் வைத்திருக்கும் கணக்கு) கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு வேலை ஒரே காலையில் முடிந்தது, கவுன்ட்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தாளையும் எதற்கு என்று சொல்லி வாங்கிக்கொண்டார். சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வேலை செய்கிறது, 2023லிருந்து சிங்கப்பூர் உட்பட பத்து நாட்டு எண்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள், என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ கணக்கோடு எண்ணை இணைத்திருந்தால் போதும். போன தடவை சில்லறைக்கு அலைந்த மாதிரி இல்லை, இளநீர்க்காரரிடம்கூட ஸ்கேன் செய்து கொடுத்தேன். அம்மாவின் கண் பரிசோதனையும் நல்லபடியாக முடிந்தது, டாக்டர் அம்மாவிடமே நேராகப் பேசினார், என்னிடம் சொல்லிவிட்டு அம்மாவை ஓரமாக உட்கார வைக்கவில்லை.

சரி, பர்கர் கடைக்கு வருகிறேன்.

அண்ணன் மகள் கடைசி வருஷம் படிக்கிறாள். இன்டர்ன்ஷிப்பில் முதல் தடவையாகக் கைக்குக் காசு வந்திருக்கிறது. அத்தைக்கும் அத்தை பிள்ளைகளுக்கும் தானே செலவு செய்து சாப்பாடு வாங்கித் தர வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் சிநேகிதிகள் எல்லாம் புகழ்ந்த கடை என்பதால் இதைத் தேர்ந்தெடுத்தாள். அம்மாவை வீட்டில் விட்டுவிட்டுப் போகலாம் என்று அண்ணி சொன்னார், இவள் விடவில்லை, "அப்பத்தா இல்லாம நான் வரமாட்டேன், அங்க சைவமும் இருக்கு" என்று மெனுவைப் போனில் காட்டியே கூட்டிவந்தாள். அம்மா அசைவத்தை விட்டுப் பல வருஷமாகிறது. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் இருந்தபோது பழனி முருகனுக்கு வேண்டிக்கொண்டு விட்டது. அப்பா தேறி வந்து அப்புறம் வெகுநாள் இருந்துவிட்டுத்தான் போனார், அதன் பிறகும் அம்மா தொடவில்லை, முட்டைகூட. இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்ததன் கனம் புரியாது.

கடை பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. பழைய பங்களா ஒன்றை எடுத்து, முன்பக்க மரத்தை வெட்டாமல் அதைச் சுற்றியே டேபிள் போட்டிருக்கிறார்கள், அந்த ஒரு காரியத்துக்கு அவர்களைப் பாராட்ட வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம் என்பதால் வாசலிலேயே கூட்டம். ஒரு பையன் டேப்லெட்டை நீட்டி பெயரும் போன் நம்பரும் போடச் சொன்னான். என் எட்டு இலக்கச் சிங்கப்பூர் எண்ணைப் போட்டால் எடுக்கவில்லை, பத்து இலக்கம் இருந்தால்தான் அடுத்த பக்கம் போகும். நம்பர் இல்லாமல் பெயரை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள் என்றால், "சிஸ்டம் எடுக்காதுங்க" என்ற ஒரே பதில். வாடிக்கையாளரிடம் மொபைல் எண்ணைக் கட்டாயப்படுத்திக் கேட்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே கடைகளுக்குச் சொல்லியிருக்கிறது. அதையெல்லாம் வாசலில் நிற்கும் பையனிடம் பேசி என்ன பயன், கடைசியில் அண்ணன் தன் நம்பரைக் கொடுத்தார், ஓடிபி வந்தது, சொன்னார். அன்றிரவிலிருந்தே அவருக்கு அந்தக் கடையின் ஆஃபர் மெசேஜ் வர ஆரம்பித்துவிட்டது.

உள்ளே கூப்பிட்டதும் பார்த்தால் எங்களுக்கு ஒதுக்கியது உயரமான ஸ்டூல் போட்ட டேபிள். அம்மாவுக்கு முழங்கால் வலி, அந்த ஸ்டூலில் ஏறவே முடியாது, ஏறினாலும் கால் தரையைத் தொடாமல் தொங்கும். பக்கத்தில் சாதாரண நாற்காலி போட்ட டேபிள் இரண்டு காலியாக இருந்தன. கேட்டால் ரிசர்வ்டு. சரி, ஒரு நாற்காலியாவது எடுத்துத் தாருங்கள் என்று கேட்டதற்கு டேபிள் உயரத்துக்குச் சரியாக வராது என்றார்கள். அண்ணன் கொஞ்சம் குரலை உயர்த்திய பிறகு அந்த ரிசர்வ்டு டேபிளே கிடைத்தது. நாங்கள் கிளம்பும்வரை அதன் ஜோடி டேபிள் காலியாகவே கிடந்தது, யாரும் வரவில்லை. வயதானவர்களை யோசிக்காமல் கடை கட்டுகிறார்கள் என்பதைவிட, ஒரு வயதான அம்மா நிற்பதைப் பார்த்த பிறகும் யாருக்கும் கை தானாக நாற்காலிக்குப் போகவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். கோயமுத்தூரில் இது நடந்தது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. "வாங்கம்மா, உக்காருங்க" என்ற பிறகுதான் என்ன வேண்டும் என்று கேட்கிற ஊர் இது.

தண்ணீர் கேட்டோம். பாட்டில்தான். தம்ளரில் சாதாரணத் தண்ணீர் கிடையாது. பாட்டில் விலையும் வெளியே விற்பதைப்போல மூன்று மடங்கு. ஹோட்டல்கள் பாட்டில் தண்ணீரை எம்ஆர்பிக்கு மேல் விற்கலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, அதனால் விலையைப் பற்றி நான் சண்டை போடவில்லை. ஆனால் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாத கோவைக்காரர் இருக்கிறாரா? அந்த ஊரில் ஒரு சாப்பாட்டுக் கடை குடிக்கத் தம்ளர் தண்ணீர் வைக்காது என்றால் என்ன சொல்வது. அம்மா மாத்திரை போட வேண்டியிருந்தது, பாட்டில் வாங்கினோம்.

மெனு க்யூஆரில். பிள்ளைகளுக்கு அது பழக்கம்தான். ஆனால் ஆர்டரையும் போனிலேயே போட வேண்டும், டேபிளுக்கு யாரும் வர மாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சைவத்துக்குப் பச்சைக் குறி மெனுவில் இருந்தது. அண்ணன் மகள் அம்மாவுக்கு அந்தப் பச்சைக் குறி உள்ள பர்கர் ஒன்றைப் போட்டாள், எங்களுக்குச் சிக்கன், பிள்ளைகளுக்குச் சிக்கனும் ஃப்ரைஸும். குறிப்பு எழுதும் இடத்தில் அப்பத்தா அசைவம் சாப்பிடமாட்டார், முட்டையும் கூடாது என்று அவளே டைப் செய்தாள், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அது போதாது என்று எழுந்து கவுன்ட்டருக்குப் போய் வாயாலும் சொல்லிவிட்டு வந்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் தலையாட்டினார், எதையும் எழுதிக்கொள்ளவில்லை.

நாற்பது நிமிஷத்துக்கு மேல் ஆனது. பாட்டுச் சத்தம் எதிரே இருப்பவர் பேசுவது கேட்காத அளவுக்கு. குறைக்கச் சொன்னோம், குறைத்தார்கள், கொஞ்ச நேரத்தில் பழையபடி ஏறிவிட்டது. எங்களுக்குப் பின்னால் வந்த டேபிளுக்குச் சாப்பாடு வந்து, அவர்கள் போட்டோ எடுத்துச் சாப்பிட்டும் முடித்துவிட்டார்கள். என் சின்னவன் பசியில் அழுகிற நிலைக்கு வந்துவிட்டான். அப்புறம் ஒரு வழியாக எல்லாம் ஒன்றாக வந்தன, கறுப்பு நிறத் தட்டுகளில், ஒவ்வொரு பர்கரின் தலையிலும் ஒரு நீளக் குச்சி குத்தி.

சாப்பாட்டைப் பற்றி நேர்மையாகச் சொல்கிறேன். ஸ்மாஷ் பர்கர் என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதில் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. கொத்திய கறியை உருண்டை பிடித்து, நன்றாகக் காய்ந்த இரும்புக் கல்லில் போட்டு, அழுத்தித் தட்டையாக்கி, ஓரம் சிவந்து மொறுமொறுவென்று ஆகும்வரை விட்டுத் திருப்பிப் போட வேண்டும். அமெரிக்காவில் இதை மாட்டுக்கறியில் செய்கிறார்கள். அந்தக் கறியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கும், அந்தக் கொழுப்பு உருகி அதிலேயே கறி வறுபடுவதால்தான் அந்த ருசி. கோழியின் நெஞ்சுக்கறியில் அந்தக் கொழுப்பு கிடையாது. அதோடு கோழியை உள்ளே 74 டிகிரி சூடு ஏறும்வரை வேக வைத்தே ஆக வேண்டும், அரைவேக்காட்டில் எடுக்க முடியாது. ஆகவே நெஞ்சுக்கறியை மெல்லியதாகத் தட்டிக் கல்லில் போட்டால் அட்டைதான் வரும். தொடைக்கறியைத் தோலோடு கொத்திப் போட்டால் நன்றாக வரும், வீட்டில் நானே செய்கிறேன். இங்கே வந்தது கல்லில் போட்டதே இல்லை, பிரெட்தூள் ஒட்டிப் பொரித்த நெஞ்சுக்கறி, அதுவும் ஃப்ரீஸரிலிருந்து எடுத்தது, நடுவில் கடித்தால் ஈரப்பசை இல்லாமல் நார்நாராகப் பிரிந்தது. அதை மறைக்க மேலே சீஸ் சாஸை ஊற்றியிருந்தார்கள். ஃப்ரைஸ் ஆறிப்போய் வளைந்து கிடந்தது.

பல்லடம் அங்கிருந்து ஒரு மணி நேரத் தூரம். பிராய்லர் கோழி விலையை நிர்ணயிக்கும் ஊர் அது. நாமக்கல் முட்டை நாடு முழுக்கப் போகிறது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு நீலகிரியிலிருந்து உருளைக்கிழங்கு லாரி லாரியாக இறங்குகிறது. இவ்வளவையும் சுற்றி வைத்துக்கொண்டு, ஒரு பர்கருக்கு நானூறு ரூபாய் வாங்கிக்கொண்டு, ஃப்ரீஸர் கறியை ஏன் போட வேண்டும்? சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் ரம்லி பர்கர் போடுகிறவர் தள்ளுவண்டி அளவு இடத்தில் நின்றுகொண்டு, கண் முன்னால் கறியை வாட்டி, முட்டையை மெல்லியதாக ஊற்றி அதில் கறியை மடித்து, சில்லி சாஸும் மிளகும் போட்டுத் தாளில் சுற்றித் தருவார். விலை சில வெள்ளிதான். சூடு இருக்கும், ஈரம் இருக்கும், என்ன போட்டார் என்பதும் நமக்குத் தெரியும்.

ருசி குறைந்ததோடு நின்றிருந்தால் நான் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் சமையல் சரியில்லாமல் போகலாம்.

அம்மாவுக்கு வந்த பர்கரும் எங்களுடையதும் வெளியே பார்க்க ஒரே மாதிரிதான். மேலே பிரெட்தூள் ஒட்டிப் பொரித்த பழுப்பு நிற வில்லை, அதே சாஸ், அதே பன். எல்லாக் குச்சியும் ஒரே நிறம். அம்மா இந்த மாதிரிப் பண்டத்தை அப்படியே தூக்கிக் கடிக்கமாட்டார், தட்டில் வைத்துப் பிட்டுப் பிட்டுத்தான் சாப்பிடுவார். முதல் வாய் போட்டார். இரண்டாவது வாய்க்குப் பிட்டபோது கை நின்றுவிட்டது. பிட்ட இடத்தில் காய்கறி மசியலாக இல்லாமல் வெள்ளையாக நார் நாராக நீண்டது. என்னைப் பார்த்து, "கண்ணு, இது என்னனு பாரு" என்றார். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணி வாங்கி முகர்ந்து பார்த்தார். அதற்குள் அம்மா எழுந்துவிட்டார். கை கழுவும் இடம் எங்கே என்று கேட்டுப் போய், வெகுநேரம் வாய் கொப்பளித்துக்கொண்டிருந்தார். நான் பின்னாலேயே போனேன். "விடு கண்ணு, புள்ளைங்க முன்னாடி சத்தம் போடாத, அவ ஆசையாக் கூட்டிட்டு வந்திருக்கறா" என்று திரும்பத் திரும்ப அதையே சொன்னார். அவ என்றது பேத்தியை. அவள் டேபிளில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

மேனேஜரைக் கூப்பிடச் சொன்னோம். முப்பது வயதுக்குள்தான் இருக்கும், நம்ம ஊர்ப் பையன்தான். நடந்ததைச் சொன்னோம். அவர் சொன்ன முதல் வார்த்தை, "மேடம், எங்க வெஜ் பேட்டியும் (உள்ளே வைக்கும் வில்லை) சிக்கன் பேட்டியும் ஒரே கலர்ல இருக்கும், ரஷ்ல மாறியிருக்கும், வேற தந்துடறோம்." மன்னிப்பு இல்லை. யார் சாப்பிட்டது, என்ன ஆச்சு என்ற கேள்வி இல்லை. ஒரே நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்கே தெரிகிறதே, அப்படியானால் சைவத்துக்கு வேறு நிறக் குச்சியாவது குத்தக் கூடாதா என்று கேட்டேன். "நோட் பண்ணிக்கறேங்க" என்றார். வேறு பர்கர் வேண்டாம் என்றோம். அதற்கு அவர் அம்மாவுக்கு என்று ஒரு பிரவுனி கொண்டுவந்து வைத்தார், காசு வேண்டாம் என்று. அதில் முட்டை இருக்கிறதா என்று நான் கேட்ட பிறகுதான் உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து, இருக்கிறது என்றார். முட்டையும் கூடாது என்று எழுதியும் கொடுத்து, கவுன்ட்டரில் சொல்லியும் இருக்கிறோம்.

இதற்கு மேல் விடக் கூடாது என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். பன்னில் முட்டை உண்டா? பிரியோஷ் பன், வெண்ணெயும் முட்டையும் சேர்த்துப் பிசைவதுதான் அது, அவர்கள் வாங்கும் பன்னிலும் முட்டை இருக்கிறது. சைவ பர்கருக்கும் அதே பன்தான். அதாவது பர்கர் மாறாமல் சரியாகவே வந்திருந்தாலும் அம்மா முட்டை சாப்பிட்டிருப்பார். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி முட்டை சேர்ந்த பண்டம் அசைவம். அதற்குப் பச்சைக் குறி போடவே கூடாது. மயோனைஸ்? பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஒரு வருஷத்துக்குத் தடை செய்திருந்தது, நோய்க்கிருமி பயம்தான் காரணம். தங்களுடையது முட்டையில்லாத பாக்கெட் மயோனைஸ் என்றார் மேனேஜர், பாக்கெட்டைக் காட்டினார், அது சரியாக இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். கடைசியாக, ஃப்ரைஸ் பொரிக்கும் எண்ணெயும் சிக்கன் பொரிக்கும் எண்ணெயும் தனித்தனியா? மேனேஜர் தனித்தனிதான் என்றார். தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்த பையன், வடநாட்டுப் பக்கம், இருபது வயது இருந்தால் அதிகம், அவர் அங்கேயே நின்று இந்தியில் மெதுவாக, "ஒன்றுதான் மேடம், ஒரே கடாய்தான்" என்றார். மேனேஜர் முகம் மாறிவிட்டது. அந்தப் பையனுக்கு இதனால் எதுவும் ஆகியிருக்கக் கூடாதே என்ற கவலை எனக்கு இன்னமும் இருக்கிறது. அந்தக் கடையில் எங்களுக்கு உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்.

வேலை செய்யும் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை. போனில் வந்த ஆர்டர் அடுக்களையில் ஒரு சீட்டாக வெளியே வருகிறது, அதில் குறிப்பு மூன்றாவது வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது (கேட்டு வாங்கிப் பார்த்தேன், இருந்தது), போடுகிறவர் தமிழோ ஆங்கிலமோ படிக்கத் தெரியாதவராக இருந்தால் அந்த வரி யாருக்காக? டேபிளுக்கு ஒரு ஆள் வந்து, முகத்தைப் பார்த்து, "அம்மாவுக்குச் சைவமுங்களா" என்று கேட்டிருந்தால் அது அவர் மனதில் நின்றிருக்கும். பரிமாறுகிறவர் யாருக்கு என்ன கொண்டுபோகிறோம் என்று தெரிந்து வைப்பார். அந்த ஒரு ஆளை எடுத்துவிட்டார்கள். அலங்காரத்துக்கும் விளக்குக்கும் செலவு செய்திருக்கிறார்கள், இன்னொரு கடாய்க்கும் ஒரு பரிமாறும் ஆளுக்கும் காசில்லை. சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்கள் எதை முதலில் வைக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சாப்பிடுகிறவர் நம்பி வாயில் வைக்கிறார், அந்த நம்பிக்கைக்குத்தான் முதல் செலவு.

பில் வந்தது. ஏழு பேருக்கு நாலாயிரத்தைத் தாண்டியிருந்தது, அம்மா சாப்பிடாத பர்கரும் அதில் இருந்தது. அது போக "ஸ்டாஃப் வெல்ஃபேர்" என்று பத்து சதவீதம் தனியாக, அதையும் சேர்த்த தொகைக்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். ஜிஎஸ்டி சரி, சாதாரண ரெஸ்டாரண்டுகளுக்கு அதுதான் விகிதம். கோவைக்காரர்களுக்கு இது அத்துப்படி, 2024 செப்டம்பரில் கொடிசியா வளாகத்தில் நிதியமைச்சரிடம் ஒரு ஹோட்டல்காரர் பன்னுக்கு ஒரு வரி, உள்ளே கிரீம் வைத்தால் ஒரு வரியா என்று கேட்ட கேள்வி நாடு முழுக்கப் போயிற்றே. ஆனால் அந்தப் பத்து சதவீதம் கட்டாயம் இல்லை. சர்வீஸ் சார்ஜை அந்தப் பெயரிலோ வேறு பெயரிலோ பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் போட்டது, ஹோட்டல்காரர்கள் கோர்ட்டுக்குப் போனார்கள், 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த வழிகாட்டுதல் செல்லும் என்று தீர்ப்பளித்தது. சிங்கப்பூரிலும் பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் கொடுத்துப் பழகியவள்தான் நான். ஆனால் இங்கே மெனுவிலேயே விலைக்குப் பக்கத்தில் இரண்டு பிளஸ் குறி போட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள், அந்தக் காசுக்கு ஒருவர் வந்து பரிமாறவும் செய்கிறார். நாங்களே ஆர்டர் போட்டு, எழுந்து போய் டிஷ்யூ எடுத்து வந்த கடையில் எதற்குக் கொடுப்பது?

எடுக்கச் சொன்னேன். "எல்லாரும் குடுக்கறாங்க மேடம்" என்றார். 1915க்கு இப்போதே போன் செய்கிறேன் என்று சொன்ன பிறகு எடுத்தார், அம்மாவின் பர்கரையும் சேர்த்து. அது தேசிய நுகர்வோர் உதவி எண், ஊருக்குப் போகிறவர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றும் பாருங்கள், 2022 ஜனவரி முதல் ஹோட்டல் பில்லில் உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண் இருக்க வேண்டும். இந்தப் பில்லில் அது இல்லை. அந்த எண் இருந்தால்தான் எந்தக் கடை, யார் பெயரில் உரிமம் என்று சொல்லிப் புகார் கொடுப்பது சுலபம். நான் பில்லையும் அந்த ஆர்டர் சீட்டையும் போட்டோ எடுத்து "ஃபுட் சேஃப்டி கனெக்ட்" செயலியில் ஏற்றிவிட்டேன். அண்ணன் வேண்டாம் என்றார், உள்ளூரில் இருக்கிறவர்களுக்கு அந்தத் தயக்கம் வரத்தான் செய்யும், என் பெயரிலேயே கொடுத்தேன். காசை அண்ணன் மகளிடம் கொடுக்கவிடாமல் நான் கொடுத்தேன். அவள் அதற்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாள் அம்மா மருதமலை முருகன் கோயிலுக்குப் போக வேண்டும் என்றார், போனோம். அங்கே என்ன வேண்டிக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை. இறங்கி வரும்போது வடவள்ளியில் ஒரு பேக்கரியில் நிறுத்தினோம். கோவையில் பேக்கரி இல்லாத தெரு ஏது. கண்ணாடிப் பெட்டிக்குள் பஃப்ஸ், தேங்காய் பன், அப்புறம் நாங்கள் காலேஜ் படித்த காலத்திலிருந்து இருக்கும் அந்தப் பேக்கரி பர்கர், காய்கறி கட்லெட்டும் முட்டைக்கோஸும் வெங்காயமும் தக்காளி சாஸும் வைத்தது. என் மகள் பர்கர் என்று கை காட்டினாள். டீ போட்டுக்கொண்டிருந்த கடைக்காரர் திரும்பி, அம்மாவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நெற்றியில் விபூதி இருந்ததைக் கவனித்திருக்க வேண்டும், "அம்மா, மேல் தட்டுல இருக்கறதெல்லாம் முட்டை சேராததுங்க, கீழ அந்த ஹனி கேக்கு, கப் கேக்கெல்லாம் முட்டை. பர்கர் பன்னு நம்ம சொந்த அடுப்புல போட்டது, முட்டை இல்லீங்க" என்றார். யாரும் கேட்கவில்லை. அவராகச் சொன்னார். முப்பது ரூபாய் பர்கர். அம்மா சாப்பிட்டார்.

இந்த அளவுக்கு அக்கறை ஒரு பெரிய கடைக்கு முடியாத காரியம் இல்லை. எண்ணெயைத் தனியாக வையுங்கள், இடுக்கியைத் தனியாக வையுங்கள், சைவத்துக்கு வேறு நிறக் குச்சி குத்துங்கள், முட்டை போட்ட பன்னுக்குப் பச்சைக் குறியை எடுங்கள், ஓர் ஆளாவது டேபிளுக்கு வந்து பேசட்டும். இதையேதான் கூகுளில் ரிவ்யூவாகவும் எழுதினேன், போட்டோவோடு. ஊருக்குப் போகிற நீங்களும், வீட்டில் சைவம் சாப்பிடும் பெரியவர்களைக் கூட்டிப் போவதாக இருந்தால், உட்காரும் முன்பே பன்னில் முட்டை உண்டா, எண்ணெய் தனியா என்று கேட்டுவிடுங்கள். பதில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். முடிந்தால் மேனேஜரிடம் கேட்காமல் பொரிக்கிறவரிடமே கேளுங்கள்.

நாங்கள் சிங்கப்பூருக்குக் கிளம்புவதற்குள் அந்தப் பர்கர் கடையின் முதலாளி என் அண்ணனின் போனுக்குக் கூப்பிட்டார். வாசலில் கொடுத்த நம்பர் அப்படியாவது பயன்பட்டது. போனை நான் வாங்கிப் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். ரிவ்யூவை எடுத்துவிட்டால் குடும்பத்தோடு இன்னொரு நாள் வாருங்கள், முழுச் சாப்பாடும் கடை கணக்கு என்றார். சாப்பாடு வேண்டாம், சைவத்துக்குத் தனிக் கடாய் வாங்கி வைத்து அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள், ரிவ்யூவை எடுக்கமாட்டேன், ஆனால் அதற்குக் கீழேயே அதையும் சேர்த்து நல்லபடியாக எழுதுகிறேன் என்றேன். அனுப்புகிறேன் என்றார். இந்த வாரம்கூட அண்ணனிடம் கேட்டேன். ஆஃபர் மெசேஜ்தான் வந்துகொண்டிருக்கிறதாம்.